சுயாக் பிக்னிக்குக்குப் போகாதவள்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். நிதானமாக எழுதவில்லை என்று பிறகு யாரும் குறைப்பட வேண்டாம்.

போன வருடம் நான் வாடகைக்கு வீடு தேடிக்கொண்டிருந்தபோது, குடித்தனக்காரர்களுக்கான அறிவுரைத் தாள் ஒன்று கைக்கு வந்தது. குழாயைத் திறந்து பாருங்கள், சுவரில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள் என்று போய்க்கொண்டிருந்தது. நடுவில் ஒரு வரி: வீட்டின் மேல் அடமானக் கடன் இருந்தால், கடன் கொடுத்தவர் அதை வாடகைக்கு விட அனுமதி தந்திருக்கிறாரா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள்.

யார் உறுதிசெய்ய வேண்டும்? நான். கடன் கொடுத்தவரிடம் பத்திரம் இருக்கிறது. வாங்கியவர் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நடுவில் உட்கார்ந்து எழுதியவர் அதற்குக் கூலி வாங்கியிருக்கிறார். அந்தப் பத்திரத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத நான் போய்க் கேட்க வேண்டுமாம். கேட்காமல் குடிபோய் நாளைக்குப் பெட்டி படுக்கையோடு தெருவில் நின்றால், முன்னாலேயே கேட்டிருக்கக் கூடாதா என்று என்னிடமே கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த எரிச்சலில்தான் நதின் சொன்னது ஞாபகம் வந்தது. மொரிஷியஸில் நான் தமிழ் வகுப்பு எடுத்த மூன்று வருடங்களில் என்னோடு வேலை பார்த்தவள். அவள் கணவனின் வீட்டார், புயலில் வீடு போன பிறகு ஒருவருடைய பின்கட்டில் குடியிருந்தார்களாம். அந்த வீட்டுக்காரர் அவ்வப்போது தன் செலவில் பஸ் பிடித்து எல்லாரையும் கடற்கரைக்கு பிக்னிக் அனுப்புவாராம். "எவ்வளவு நல்லவர்!" என்றேன். நதின் சிரித்தாள். "கடன் கொடுத்த அம்மா வீட்டைப் பார்க்க வருகிற நாளில்தான் அனுப்புவார்" என்றாள்.

அவள் தந்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கற்பனை. தவறு இருந்தால் நதினைத் திட்டாதீர்கள்.

2

தொடக்கம் எழுதிப் பார்த்தேன்.

"1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் கரோல் புயல் மொரிஷியஸ் தீவை..."

[வேண்டாம். புயலில் தொடங்கினால் பழியெல்லாம் காற்றின் தலையில் விழும். காற்று கூரையை மட்டும்தான் பிய்த்தது. மற்றதை ஆட்கள் செய்தார்கள்.]

"வீரசாமியைப் பற்றி ரோஸ் ஹில்லில் யாரைக் கேட்டாலும் தங்கமானவர் என்றுதான்..."

[இதுவும் வேண்டாம். வீடும் அவர் பெயரில், கதையும் அவர் பெயரிலா?]

தெய்வானையிடம் தொடங்குகிறேன். இருபத்தொன்பது வயது. கணவன் ஐயாசாமி போர்ட் லூயி துறைமுகத்தில் சர்க்கரை மூட்டை சுமக்கிறான். இரண்டு பெண் குழந்தைகள். கரோல் புயலில் அவர்களுடைய தகர வீடு பறந்துபோனது. கொஞ்ச நாள் பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்தார்கள். பிறகு அக்கா வீட்டில், அக்காவின் மாமியார் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும் வரை. தீவே வீடு தேடிக்கொண்டிருந்த காலம் அது. கடைசியில் ரோஸ் ஹில்லில் வீரசாமி வீட்டுப் பின்கட்டில் ஓர் அறை கிடைத்தது. அது போனால் அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது. கதை முழுக்க இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

வீரசாமி அரசாங்க குமாஸ்தா. கோயில் கமிட்டியில் இருப்பவர். புயலுக்குப் பிறகு வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, பழுது பார்த்து, அப்படியே பின்னால் நான்கு அறைகளும் கட்டிக்கொண்டார். நாலு அறையிலும் நாலு குடும்பம். தெய்வானைக்குப் பக்கத்து அறையில் க்ளோட் என்ற கிரியோல் தையல்காரர்.

[இவர்கள் வீட்டுக்குள் பேசியது கிரியோல். தமிழ் கோயிலுக்குப் போகும்போதும் அக்கா, அண்ணா என்று கூப்பிடும்போதும்தான் வரும். இருந்தாலும் எல்லாரையும் சரளமாகத் தமிழ் பேசவைக்கிறேன். எனக்குக் கோபப்படத் தெரிந்த மொழி இது ஒன்றுதான்.]

3

ஆறு மாதத்துக்கு ஒரு தடவை பஸ் வந்து நிற்கும். முதல் தடவை கிராண்ட் பே கடற்கரை, அடுத்து பாம்ப்ளமூஸ் தோட்டம். பெண்கள் விடிய எழுந்து பருப்பு வைத்த டோல் பூரி சுடுவார்கள். பஸ்ஸில் க்ளோட் ரவான் மேளத்தைத் தட்ட, கோயிலில் கண்ணை மூடிக்கொண்டு பாடுகிற ஐயாசாமி எழுந்து சேகா நடனம் ஆடுவான். வீட்டுக்காரன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஊரே பேசியது.

ஒரே ஒரு நிபந்தனை. புறப்படும் முன் துணிக்கொடியை அவிழ்த்துவிட வேண்டும். அடுப்பு, வாளி, செருப்பு எதுவும் வெளியே இருக்கக் கூடாது. ஆள் இல்லாத நேரம், திருடன் கண்ணில் படக் கூடாது என்பார் வீரசாமி.

கொடியில் துணி காய்ந்தால்தானே ஆள் இருப்பதாக நினைத்துத் திருடன் ஒதுங்கிப்போவான்? இது தெய்வானைக்குத்தான் முதலில் தோன்றியது. ஐயாசாமியிடம் சொன்னாள்.

"ஓசியில் கடலைப் பார்த்துவிட்டு வருகிறாய், அதிலும் குற்றம் கண்டுபிடி" என்றான் அவன்.

4

தெனி என்பவர் க்ளோட்டிடம் கால்சட்டை தைக்கக் கொடுக்க வந்தார். பத்திரம் எழுதும் ஒரு நோட்டரியிடம் வேலை பார்ப்பவர். முற்றத்தைச் சுற்றிப் பார்த்தார். குழந்தைகளைப் பார்த்தார்.

"இங்கே குடியா இருக்கிறீர்கள்? மதாம் யொலாந்த் சம்மதித்துவிட்டாரா?"

"எந்த மதாம்?" என்றார் க்ளோட்.

தெனி சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோம் என்று விழித்தார். பிறகு பாதியில் நிறுத்த முடியாமல் சொல்லி முடித்தார். வீரசாமிக்கு இந்த வீட்டின் மேல் கடன் கொடுத்தவர் அவர், க்யூர்பிப் ஊரில் இருக்கும் விதவை. அவர் எழுத்தில் அனுமதி தராமல் வீட்டில் யாரையும் வாடகைக்கு வைக்கக் கூடாது என்பது பத்திரத்தில் உள்ள நிபந்தனை. ஆள் குடியிருக்கும் வீட்டை விற்கப்போனால் விலை இறங்கும் அல்லவா? மீறினால் கடன் முழுவதையும் ஒரேயடியாகக் கேட்பார், கொடுக்க முடியாவிட்டால் வீடு ஏலத்துக்குப் போகும், பின்கட்டைக் காலி செய்துதான் கொடுக்க வேண்டியிருக்கும்.

"நான் சொன்னதாகச் சொல்லிவிடாதீர்கள். ஆனால் அனுமதி இருக்கிறதா என்று நீங்கள் பார்த்துக்கொள்வது நல்லது" என்று தெனி எழுந்துபோனார்.

[நீங்கள் பார்த்துக்கொள்வது நல்லது! தெனி, நீர் அந்த அலுவலகத்தில்தானே ஐயா உட்கார்ந்திருக்கிறீர்? ஒரு பாத்திரத்தைக் கதைக்குள் புகுந்து அறைய எழுத்தாளருக்கு உரிமை இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.]

அன்று மாலை நாலு குடும்பமும் முற்றத்தில் கூடின.

"மிஸ்யே வீரசாமியிடம் போய்க் கேட்பதா? காவடி அன்றைக்கு என் நெற்றியில் விபூதி பூசியவர். அவரைத் திருடன் என்று சொல்வது மாதிரி" என்றான் ஐயாசாமி.

"கேட்காமல் இருந்தால் நாம்தான் மடையர்கள்" என்றார் க்ளோட்.

கடைசியில் இரண்டு பேரும் போய்க் கேட்டார்கள். வீரசாமி கோபப்படவே இல்லை. அதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். ஐயாசாமியின் தோளில் கை போட்டு, இரண்டு பேரையும் கோயிலுக்கு அழைத்துப்போனார். உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றி அணைத்து, "உங்களை யாரும் வெளியே அனுப்ப முடியாது, முருகன் மேல் ஆணை" என்றார். ஐயாசாமிக்குக் கண் கலங்கிவிட்டது. க்ளோட் மாதா கோயிலுக்குப் போகிறவர். இருந்தாலும் கை சுடச் சுட ஒரு மனிதர் சொல்லும்போது என்னதான் செய்வார்?

வீட்டுக்கு வந்து சொன்னார்கள். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள்.

"அவர் சத்தியம் செய்தது சரி" என்றாள் தெய்வானை. "அந்த அம்மா கற்பூரம் ஏற்றினாளா?"

"வாயை மூடு" என்றான் ஐயாசாமி.

மறுநாள் காலை, ஞாயிற்றுக்கிழமை தெற்குக் கரையில் சுயாக் பிக்னிக் என்று வீரசாமி அறிவித்தார்.

5

தெய்வானை ஏன் போகவில்லை? மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன்.

காய்ச்சல். [சப்பை.]

வயிற்றில் பிள்ளை, பஸ் குலுங்கினால் ஆகாது. [சினிமா.]

எதையோ கண்டுபிடிக்க வேண்டும் என்று திட்டம் போட்டு... [இல்லை. அவளுக்குத் துப்பறியும் வேலையெல்லாம் கிடையாது.]

உண்மையில் அவளுக்குக் கொடியை அவிழ்த்து அவிழ்த்து அலுத்துவிட்டது. சொந்த அறையில் குடியிருந்த தடயத்தைத் தானே துடைத்துவிட்டு வெளியே போவது அவமானமாக இருந்தது. பஸ் ஏறினாள். முதல் திருப்பத்தில் தலைவலி என்று சொல்லி இறங்கிவிட்டாள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று கணவனிடம் சொல்லிவிட்டு நடந்து திரும்பினாள். பூட்டைத் திறந்து உள்ளே போய், தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு படுத்தாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கார் வந்து நின்றது.

6

வீரசாமி நல்ல பிரெஞ்சு பேசுவார். அந்த நல்ல பிரெஞ்சில், "பார்த்து வாருங்கள் மதாம், தரை வழுக்கும்" என்று அவர் சொல்வது கேட்டது. ஒரு கைத்தடி கல்லில் தட்டித் தட்டி வந்தது.

"இந்த அறைகளில் என்ன இருக்கிறது?" வயதான பெண்குரல்.

"பழைய பலகை, தகரம். புயலில் பிய்ந்தது."

கைத்தடி முதல் கதவில் நின்றது. அதில் பூட்டு தொங்கியது. இரண்டாவதிலும் தொங்கியது. மூன்றாவதில் இல்லை. அது தெய்வானையின் கதவு.

வீரசாமியின் பேச்சு நின்றுபோனது. பூட்டு இல்லாததை அவர் பார்த்துவிட்டார் என்பது உள்ளே இருந்தவளுக்குத் தெரிந்தது. உள்ளே ஆள் இருப்பது அவருக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகைக் கதவுதான்.

"இதில் யாராவது இருக்கிறார்களா, மிஸ்யே வீரசாமி?"

"யாருமில்லை, மதாம்" என்றார் வீரசாமி. தேவைக்குமேல் சத்தமாகச் சொன்னார். அது உள்ளே இருப்பவளுக்கும் சேர்த்துச் சொன்னது. நீ இல்லை, இல்லாமலே இரு என்று.

[இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். அவள் அந்த அறைக்கு மாதம் தவறாமல் வாடகை கொடுக்கிறவள்.]

தெய்வானை எழுந்து கதவருகே வந்துவிட்டாள். கை தாழ்ப்பாளில் இருக்கிறது. கேட்க வேண்டிய கேள்வி அவளிடம் தயாராக இருக்கிறது: மதாம், நாங்கள் இங்கே இருக்க நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா?

7

முடிவு அ. கதவைத் திறந்து கேட்கிறாள். மதாம் யொலாந்த் அனுமதி கொடுக்கவில்லை. ஆள் குடியிருப்பதே இப்போதுதான் அவருக்குத் தெரிகிறது. தெரியவைத்தது தெய்வானையின் கேள்வி. ஆட்டமும் பாட்டுமாக பஸ் திரும்பும்போது நாலு குடும்பத்துக்கும் கூரை போய்விட்டிருக்கிறது. "வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையா உனக்கு?" என்று க்ளோட் கேட்கிறார். வீரசாமியை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அவர் பஸ் பிடித்துக் கொடுத்தவர்.

முடிவு ஆ. வாயைப் பொத்திக்கொள்கிறாள். கார் போய்விடுகிறது. அடுத்த பிக்னிக், அதற்கடுத்த பிக்னிக். ஒருநாள் வீரசாமியால் கடனைக் கட்ட முடியாமல் போகிறது. கோர்ட்டு ஆள் வந்து கதவைத் தட்டி, "குடிவருமுன் அனுமதி இருக்கிறதா என்று கேட்கவில்லையா?" என்கிறான். ஐயாசாமி கற்பூரத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறான். எனக்கு அந்த வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.

முடிவு இ. மதாம் யொலாந்த் தெய்வானையின் கண்களைப் பார்த்து மனம் இளகி...

[கிழித்துவிட்டேன்.]

கேட்டால் காட்டிக்கொடுத்தவள், கேட்காவிட்டால் ஏமாளி. இப்படி ஒரு கேள்வியைச் செய்து அவள் கையில் கொடுத்தவர்கள் மூன்று பேரும் சௌகரியமாக இருக்கிறார்கள். தெனியின் முதலாளியான நோட்டரி ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் இருக்கிறார். வீரசாமி நிழலில் நிற்கிறார். மதாம் யொலாந்த் கதவைத் தள்ளிப் பார்த்தாலே போதும், அது இரண்டு அடி தூரம். தள்ள மாட்டார். யாருமில்லை என்ற பதில் அவருக்கும் வசதியானது. இவர்களுக்காக என் தெய்வானையைப் பலிகொடுக்க நான் தயாராக இல்லை. அதனால் அவளை அந்தத் தாழ்ப்பாளைத் திறக்கவைக்கவும் மாட்டேன், மறுபடி போய்ப் படுக்கவைக்கவும் மாட்டேன்.

வெளியே நிற்கிறவரைத்தான் மாற்ற வேண்டும். மதாம் யொலாந்த்தைக் காரில் ஏற்றி அனுப்பிவிட்டேன். அந்த இடத்தில் நீங்கள் நில்லுங்கள். கைத்தடியைப் பிடியுங்கள். கடன் உங்கள் பணம், ஆள் இருந்தால் விலை இறங்கும், பத்திரம் உங்கள் பக்கம். உள்ளே ஆள் இருப்பது உங்களுக்குத் தெரியும், அவள் பெயரும் தெரியும். யாருமில்லை என்று வீரசாமி சொன்னதையும் கேட்டீர்கள்.

அவள் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். கதவு மூடியே இருக்கட்டும். அவள் அங்கே குடியிருக்கலாமா கூடாதா, வெளியிலிருந்து நீங்கள் முதலில் சொல்லுங்கள். அவளுக்குக் கேட்கும்.