கணக்கெடுப்பில் ஒரு மரமேறிக் குருவி

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: இந்தக் கதை என் கற்பனை இல்லை. தங்கையின் கணவர் எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே உளறியது. சாலை போடப்போகும் காட்டில் என்னென்ன பறவைகள் இருக்கின்றன என்று கணக்கெடுப்பது அவர் வேலை. மரமேறிக் குருவி ஒன்றைப் பார்த்தாராம். வாலை ஊன்றிக்கொண்டு, அடிமரத்திலிருந்து சுற்றிச் சுற்றி ஏறி, பட்டை இடுக்கில் பூச்சி பிடித்துத் தின்னுமாம். அது இருக்கும் காட்டில் சாலை போடக் கூடாது.

"எழுதிக் குடுத்துட்டீங்களா மாப்ள?"

"'காணப்படவில்லை'னு எழுதச் சொல்றாங்க மச்சான். இந்த மாசம்தான் வேலைய நிரந்தரம் பண்றாங்க."

சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சாம்பார் வாங்கிக்கொண்டார்.

2

தொடக்கம் அ: அடர்ந்த வனத்தின் மௌனத்தில் ஒரு (வேண்டாம். காடு எங்கே வாயை மூடிக்கொண்டிருக்கிறது?)

தொடக்கம் ஆ: அவன் ஒரு கோழை. (இதை எழுதியபோது சுகமாக இருந்தது. நான்கு பக்கம் வெளுத்து வாங்கினேன்.)

3

பெருமை தாங்காமல் தங்கைக்கே போனில் படித்துக் காட்டினேன்.

"அண்ணா, அந்தக் குருவிய எடுத்துடு. அவர் ஆபீஸ்ல உன் கதையெல்லாம் படிக்கிறாங்க."

"கதைக்கு உயிரே அதுதாம்மா."

"எங்களுக்கு அதுதான் வினை. ஒரு மரங்கொத்தியப் போட்டுக்கோயேன். அது எங்கயும் இருக்கு."

(மரங்கொத்தி மரத்தைக் குடையும். இது குடையாது, இடுக்கில் தேடும். அவளுக்கு அதுவா கவலை?)

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. எழுத்தாளன் எவனுக்கும் அஞ்சி ஒரு சொல்லைக்கூட

4

மாற்றிவிட்டேன். பதினொரு இடத்தில் மரங்கொத்தி. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தங்கை வாழ்க்கை முக்கியமில்லையா? நல்ல செய்தியை மாப்பிள்ளையிடம் நானே சொல்லலாம் என்று கூப்பிட்டேன். அவர் என்னைப் பேசவே விடவில்லை.

"மச்சான், உங்க கதையப் பத்தி அவ சொன்னா. நீங்களே துணிஞ்சு எழுதும்போது நான் மறைச்சா நல்லாவா இருக்கும்? பார்த்தேன்னு எழுதிக் குடுத்துட்டேன். காலையிலேருந்து ஆபீஸ்ல ஒருத்தரும் முகம் குடுத்துப் பேசல. வேலை இருக்குமான்னு தெரியல. பரவால்ல. உங்க கதை வந்தா ஒரு தெம்பா இருக்கும். குருவி அப்படியே இருக்குல்ல?"

5

என் பதிலை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் நான் யோக்கியனாகவே வருகிறேன். வெட்கமாக இருக்கிறது. அதனால் நீங்களே சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை இன்னும் போனை வைக்கவில்லை.