மறுபடி கழுவாத தட்டு

என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. எதையும் இரண்டு தடவை சரிபார்த்துத்தான் கையில் கொடுப்பாள். கடைக்கு அது நல்ல பழக்கம், வீட்டில் எங்கள் உயிரை எடுத்தது. மகள் பாத்திரம் கழுவி வைத்துவிட்டு நகர்ந்தால் போதும், இவள் ஓசைப்படாமல் போய் எல்லாவற்றையும் மறுபடி கழுவுவாள்.

மகளுக்கு வயது பத்து, பேச்சுக்கு வயது நாற்பது. அதனால் வீட்டில் அவள் ‘பெரிய மனுஷி’. பள்ளிக்கூடம் விட்டதும் நாங்கள் வரும்வரை பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவிடம்தான் இருக்க வேண்டும். அந்த அம்மா சும்மா உட்காரவிட மாட்டார், ஊசிக்கு நூல் கோக்க வைத்தே பிள்ளையைப் பிழிந்துவிடுவார். அதிலிருந்து தப்பிக்க ஒரே வழி, சொந்தமாக ஒரு வீட்டுச் சாவி.

“நீ கழுவினதை நான் என்னைக்கு மறுபடி கழுவாம எடுத்து வைக்கிறேனோ, அன்னைக்குச் சாவி,” என்றாள் என் மனைவி.

நடக்கிற காரியமா அது? பிள்ளை விரல் தேயத் தேய்த்தாள். இவளும் சளைக்காமல் தட்டுக்குத் தட்டு குற்றம் கண்டுபிடித்தாள். எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பாத்திரம் என் தலையில் விழும் என்று பேசாமல் இருந்தேன்.

ஒரு நாள் சாயங்காலம் எங்களோடு வீட்டுக்குள் வந்த என் மனைவி, செருப்பைக் கழற்றின கையோடு அடுப்படிக்குப் போனாள். கூடையிலிருந்த வாணலியை எடுத்து வெளிச்சத்தில் திருப்பினாள்.

“இங்க பாரு, கைப்பிடி ஓரமெல்லாம் எண்ணெய். இந்த லட்சணத்துல கழுவறவளுக்குச் சாவி ஒரு கேடா?”

பெரிய மனுஷி என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“அம்மா, அதை நான் தொடவே இல்ல. நான் கழுவினா லேட்டாகும்னு காலையில நீயே கழுவிக் கவுத்துட்டுப் போனே.”

சிரிப்பை நான் அடக்கியிருக்கலாம்.

“நீங்க ஒண்ணும் பல்லைக் காட்ட வேணாம்,” என்று எனக்கும் விழுந்தது. அசடு வழிய வாணலியைத் தேய்த்து வைத்தாள். பிறகு தன் கொத்திலிருந்து சாவியைக் கழற்றி மகளிடம் நீட்டினாள். முகத்தை மட்டும் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாள் நாங்கள் கதவைத் தட்டினோம்.

“யாரு?”

“அம்மாதான். திற.”

“தரை துடைச்சிருக்கேன், காயல. ரெண்டு பேரும் அங்கேயே நில்லுங்க.”

யாருக்கும் அடங்காதவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மிதியடியில் நின்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையாகவும் இருந்தது.

சாப்பிட உட்கார்ந்தோம். பெரிய மனுஷி தான் கழுவின தட்டுகளை எடுத்து வைத்தாள். அம்மாவின் தட்டு ஓரத்தில் சோப்பு வெள்ளைத் திட்டாகக் காய்ந்திருந்தது. இவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“தட்டு சரியா இருக்காம்மா?”

என் மனைவி கட்டைவிரலால் அந்தத் திட்டைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“பளிச்சுன்னு இருக்கு. பரிமாறு.”

கல்யாணமான நாளிலிருந்து அவள் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அதுதான்.