மார்லிஸ் கொடுத்த கட்டளை

ரெய்னோவைச் சுட்டுக் கொன்று பதினேழாவது நாள் போலீஸ் அறிக்கை வந்தது. ஒன்றரைப் பக்கம்தான். நடுவில் ஒரு வரி: "அந்த நபர் துப்பாக்கியை உயர்த்தி அதிகாரிகளை நோக்கிக் குறிவைத்தார்." மார்லிஸ் ரௌட்டியோ அதைச் சமையலறையில் நின்றபடியே படித்தாள். பிறகு உட்கார்ந்து ஒருமுறை படித்தாள். முப்பத்தொன்பது வருஷம் கூட வாழ்ந்த மனுஷன். பொறியில் அகப்பட்ட எலியைக்கூட ஏரிக்கரை வரை காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறவன்.

"குறி வச்சானாம், குறி!" என்று வெறும் வீட்டைப் பார்த்துக் கத்தினாள்.

போர்ட்டேஜ் ஊரில் முன்னாள் படைவீரர் யார் இறந்தாலும் கல்லறையில் மூன்று முறை வானத்தை நோக்கிச் சுட்டுத்தான் வழியனுப்புவார்கள். அதற்கென்று ஏழு பேர். ஏழும் கிழங்கள். ராணுவம் இரவல் கொடுத்த பழைய துப்பாக்கிகள், சத்தம் மட்டும் போடுகிற வெற்றுத் தோட்டாக்கள். அந்த ஏழு பேருக்கும் கட்டளை கொடுப்பவள் மார்லிஸ். பதினோரு வருஷம் ராணுவத்தில் இருந்து சார்ஜன்டாக ஓய்வு பெற்றவள். அவள் குரல் கேட்டால் சவப்பெட்டிக்குள் இருப்பவரும் விறைப்பாகிவிடுவார் என்று ஊரில் சொல்வார்கள். ரெய்னோ அந்த ஏழு பேரில் ஒருவன். பெண்டாட்டி சொல்வதை அவன் உடனே கேட்கும் ஒரே இடம் கல்லறைதான் என்று அவனோடு சுரங்கத்தில் வேலை பார்த்தவர்கள் கிண்டல் பண்ணாத நாளில்லை.

அவன் செத்த நாள் மே மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பழைய கடற்படைக்காரர் ஒருவரை அடக்கம் செய்ய எல்லோரும் வேனில் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

"யோவ், ஏறலியா?" என்று மார்லிஸ் வேனுக்குள்ளிருந்து கேட்டாள்.

"நாலு தெரு தானே. வெயில் வந்திருக்கு, நடந்து வரேன். நீ போய் அவனுங்களை மிரட்டிக்கிட்டு இரு" என்றான் ரெய்னோ. தொப்பி, வெள்ளைக் கையுறை, தோளில் துப்பாக்கி. அவ்வளவுதான் அவளிடம் அவன் கடைசியாகப் பேசியது.

கல்லறைக்குப் போகும் வழி பள்ளிக்கூடத்தை ஒட்டித்தான் போகிறது. பள்ளிக்கூடத்துக்கு எதிர்வீட்டில் ஊருக்குப் புதுசாக ஒரு பெண் குடிவந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. பிரியானா ஓட்ஸ் என்று பெயர், பெரிய நகரத்திலிருந்து வந்தவள். ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள், துப்பாக்கியோடு ஒரு ஆள் பள்ளிக்கூடத்தை நோக்கி நடக்கிறான். உடனே போனை எடுத்துவிட்டாள். இந்த ஊரில் பிறந்தவர்களாக இருந்தால் ஜன்னலைத் திறந்து, "யாரு செத்தது ரெய்னோ?" என்று கேட்டிருப்பார்கள். அவளுக்கு எப்படித் தெரியும், பாவம்.

கல்லறையில் எல்லோரும் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது இரண்டு வெடிச் சத்தம் கேட்டது. 'நான் சொல்லாமல் எவன்டா சுட்டது?' என்று மார்லிஸுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். யார் துப்பாக்கியும் உயரவில்லை. வரிசையில் ஓர் இடம் காலியாக இருந்தது.

நான்காம் நாள் பிரியானா ஒரு பாத்திரத்தில் மூடிபோட்டு ஏதோ சமைத்து எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. "நான்தாங்க போன் பண்ணினேன்" என்றாள். வேறு யாராவது என்றால் கதவை முகத்தில் அடித்திருப்பார்கள், நான் அடித்திருப்பேன். மார்லிஸ் அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"உள்ள பிள்ளைங்க இருக்குன்னு பயந்துதானே கூப்பிட்ட? பார்த்ததைச் சொன்ன. அதுல தப்பு இல்ல. வந்தவங்க என்ன செஞ்சாங்கன்றது வேற கணக்கு" என்றாள். அந்தப் பெண் இரண்டு மணிநேரம் எழுந்திருக்கவில்லை. இவளும் போகச் சொல்லவில்லை. அப்பேர்ப்பட்டவள் மார்லிஸ்.

ஆனால் இந்த அறிக்கை வேறு விஷயம். போலீஸ் காரிலிருந்த கேமராவை ஒரு பள்ளிப் பேருந்து மறைத்துவிட்டது. பார்த்தவர்கள் இரண்டே பேர்: சுட்ட ஹேகன், அவனோடு வந்த கோல் பிரெஸ்னிக். இருவரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ரெய்னோ துப்பாக்கியை உயர்த்தினான் என்று படித்த நொடியிலேயே அவன் என்ன செய்தான் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதைச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

வரிசையில் மூத்தவரான லுட் பெர்கோவைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவர் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"சார்ஜன்ட், இதை வெளியில சொல்லாதே. உன் வக்கீல் என்ன சொன்னான்?"

"வாயைத் திறக்காதீங்கன்னான். எதிர்த்தரப்பு அதையே பிடிச்சுக்குவாங்களாம்."

"அப்புறம் என்ன? நீ சொல்லிக்கொடுத்ததுதான் அவனைக் கொன்னுச்சுன்னு ஊரே பேசும். நாளைக்குக் கடைக்குப் போக முடியுமா உன்னால?"

"நான் வாயை மூடிக்கிட்டா அவன் போலீஸைச் சுடப் போனவன்னு எழுதினது எழுதினபடி நிக்கும் லுட். பேரப்பிள்ளைங்க அதைத்தானே படிக்கும்?"

லுட் தலையிலிருந்து கையை எடுத்தார். "சரி, நாங்களும் வரோம்" என்று மட்டும் சொன்னார்.

விசாரணை நகராட்சிக் கூடத்தில், மதியம் இரண்டு மணிக்கு. நிற்க இடமில்லாத கூட்டம். மேடையில் விசாரணைக் குழுத் தலைவி டால்பெர்க் அம்மாள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஹேகன் வக்கீலோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். பிரெஸ்னிக் சீருடையில் கதவோரம் நின்றிருந்தான். முப்பது வயதுகூட இருக்காது. இந்த ஊர்ப் பையன்தான், நான்கு வருஷம் முன்பு வரை ராணுவத்தில் இருந்தவன். யார் கண்ணையும் பார்க்கவில்லை.

கட்டடத்துக்குள் துப்பாக்கி கொண்டுவரக் கூடாது. அதனால் மார்லிஸ் கூட்டுகிறவரிடம் ஒரு துடைப்பம் வாங்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள். பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள், சிரிப்பு அடங்கிவிட்டது.

"எங்க ஏழு பேருக்கும் நான் ஒரு பழக்கம் சொல்லிக்கொடுத்திருக்கேன்" என்று ஆரம்பித்தாள். "யாராவது துப்பாக்கியைப் பத்திக் கேட்டா, வாயால பதில் சொல்லாதே. காட்டு. துப்பாக்கியைக் கீழே போடவே கூடாது, அது ராணுவம் நம்பிக் கொடுத்தது. இப்படி நெஞ்சுக்குக் குறுக்கே தூக்கு." துடைப்பக் கட்டை சாய்வாக அவள் மார்புக்குக் குறுக்கே வந்து நின்றது. "தோட்டா அறையைத் திற. உள்ளே தோட்டா இல்லையான்னு குனிஞ்சு பாரு. நிமிர்ந்து நில்லு. பதினாறு வருஷமா, ஒவ்வொரு அடக்கத்துக்கு முன்னாலயும் இதைத்தான் பண்ண வச்சேன். தூக்கத்துல எழுப்பினாலும் அவனுங்க கை அதைத்தான் செய்யும்."

மூச்சு வாங்க நிறுத்தினாள்.

"ரெய்னோவைச் சுட்டது அந்த ஆபீசர். ஆனா அவனைத் துப்பாக்கியைத் தூக்க வச்சது நான். ஊர்ல என்ன வேணா பேசிக்குங்க. போலீஸ் வந்து கத்தினதும் அவன் கை அதைத்தான் செஞ்சிருக்கு, யாரையும் குறி வைக்கல. அந்த ஒரு வரியை அடிச்சிடுங்க."

அவள் வக்கீல் நெற்றியைத் தேய்த்துக்கொண்டான்.

டால்பெர்க் அம்மாள் மெதுவாகத்தான் கேட்டார். "மிஸஸ் ரௌட்டியோ, உங்க வருத்தம் புரியுது. ஆனா அவர் அதைத்தான் செஞ்சார்னு நீங்க எப்படிச் சொல்ல முடியும்? நீங்க அங்க இல்லையே. துப்பாக்கியை எடுத்தப்ப அறை மூடித்தான் இருந்துச்சு, விழுந்த வேகத்துல மூடிக்கிச்சோ என்னவோ. துப்பாக்கியும் சாட்சி சொல்லாது."

மார்லிஸ் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பினாள். லுட்டும் மற்ற ஐந்து கிழவர்களும் எழுந்து நின்றார்கள். அவள் கூரை அதிரக் கட்டளை கொடுத்தாள்.

"ஆயுதம்... காட்டு!"

ஆறு பேரின் வெறுங்கைகளும் ஒரே வீச்சில் மார்புக்குக் குறுக்கே உயர்ந்தன, இல்லாத அறையைத் திறந்தன. ஆறு தலைகள் குனிந்து நிமிர்ந்தன. கூட்டத்தில் அங்கங்கே, எப்போதோ ராணுவத்தில் இருந்த இன்னும் நாலைந்து பேர் தங்களை அறியாமல் அதையே செய்தார்கள், கசாப்புக் கடைக்காரர், பேருந்து ஓட்டுகிற பெண்மணி. பிறகு கூடத்தில் இருந்த ஒவ்வொருவரும் கதவைப் பார்த்தோம்.

பிரெஸ்னிக்கின் இடது கை நெஞ்சுக்கு முன்னால் இருந்தது. வலது கை எதையோ பின்னால் இழுத்துப் பிடித்திருந்தது. அவனே அப்போதுதான் தன் கைகளைப் பார்த்தான்.

"கோல், பேசாம நில்லு" என்றான் ஹேகன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவன் நிற்கவில்லை. நடந்து மார்லிஸ் எதிரே வந்து நின்றான். ஹேகனோடு ஒரே காரில் போகிறவன், வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி மனைவி. இனி இந்த ஊரில் எந்தப் போலீஸ்காரனும் அவன் முகத்தில் முழிக்க மாட்டான். அது தெரிந்தேதான் வந்தான்.

"நான் கையெழுத்துப் போட்டது பொய்ங்க" என்றான், மேடையைப் பார்த்து. "அவர் தூக்கின உடனே எனக்குத் தெரிஞ்சுபோச்சு அது என்னன்னு. நானும் ஆயிரம் தடவை பண்ணினவன். 'சுடாதே'ன்னு கத்த வாயைத் திறந்தேன். அதுக்குள்ள..."

கூடத்தில் சத்தம் எழுந்தது. டால்பெர்க் அம்மாள் மேசையைத் தட்டினார். மார்லிஸுக்கு அது எதுவும் காதில் விழவில்லை. அவள் அந்தப் பையனிடம் ஒன்றுதான் கேட்டாள்.

"முழுசா செஞ்சானா?"

அவனுக்கு உடனே புரிந்தது. அதுவும் ராணுவத்துப் பிள்ளைதானே.

"முழுசா செஞ்சாரு, சார்ஜன்ட். அறையைத் திறந்தாரு. குனிஞ்சு பார்த்தாரு. நிமிர்ந்து எங்களைப் பார்த்தாரு. துப்பாக்கி வானத்தைப் பார்த்துத்தான் இருந்தது. அப்புறம் அசையாம நின்னாரு. நாங்க பார்த்துட்டு சரின்னு சொல்லுவோம்னு காத்துக்கிட்டு நின்னாரு."

மார்லிஸ் வாயைப் பொத்திக்கொண்டாள். புருஷனைப் புதைத்த அன்றுகூட கட்டளை கொடுத்துக்கொண்டு கண்ணைச் சிமிட்டாமல் நின்றவள், அத்தனை பேர் முன்னால் விம்மி விம்மி அழுதாள். பிரெஸ்னிக் அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

கிழவர்கள் ஆறு பேரும் கையை இன்னும் இறக்கவில்லை. லுட்டுக்கு எண்பத்தொரு வயது, முழங்கை வெடவெடவென்று ஆடியது. கட்டளை வராமல் எப்படி இறக்குவது?

அழுகைக்கு நடுவே மார்லிஸ் அதைப் பார்த்தாள். முகத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஒவ்வொருவர் முன்னாலும் போய் நின்று அந்த வெறுங்கைகளுக்குள் குனிந்து பார்த்தாள். ஏழாவது ஆள் நின்றிருக்க வேண்டிய இடத்திலும் நின்று பார்த்தாள்.

"சரி," என்றாள். "இறக்குங்க."