அழிக்கச் சொன்ன படங்கள்

ஹஸீனா மகளின் கலியாணத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். பெண்கள் பக்கத்துப் படங்களை மதுஷா மட்டுந்தான் எடுக்க வேண்டும். அல்பமும் அவள் கையாலேயே செய்ய வேண்டும். எல்லாம் முடிந்தபின் ஒறிஜினல் படங்கள் அத்தனையையும் தன்னிடம் தந்துவிட்டு, ஸ்டூடியோக் கம்பியூட்டரில் ஒன்றையும் மிச்சம் வைக்காமல் அழித்துவிட வேண்டும். அதற்குத் தனியாகப் பணம் தரவும் அவர் ஆயத்தமாக இருந்தார். ஏறாவூரில் அவருடைய மகள் றமீஸாவின் கலியாணம், 2009ஆம் ஆண்டுத் தொடக்கத்தில். மதுஷா யோசிக்காமல் ஓம் என்று சொல்லிவிட்டாள். பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பும்போதுதான் அன்ரோ இதற்குச் சம்மதிப்பானா என்ற நினைப்பு வந்தது.

அன்ரோ அவள் கணவன். மட்டக்களப்பு ரவுணில், ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடியில், இருவருமாகச் சேர்ந்து ஸ்டூடியோ நடத்தினார்கள். முஸ்லிம் வீட்டுக் கலியாணங்களில் பெண்கள் இருக்கும் பக்கம் அவன் போக முடியாது. மதுஷா கமரா பிடிக்கப் பழகிய பிறகு ஏறாவூரிலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் அவளைத் தேடி வரத் தொடங்கினார்கள். அல்பம் கொடுப்பது, கேட்டால் பெரிதாக்கிக் கொடுப்பது, அவ்வளவுதான் அன்ரோவின் வழக்கம். நெகட்டிவ் காலத்திலும் சரி, இப்போதும் சரி, ஒறிஜினலை அவன் யாருக்கும் விற்றதில்லை. அழித்ததும் இல்லை.

அது வெறும் தொழில் பிடிவாதம் அல்ல என்பது மதுஷாவுக்குத் தெரியும். சுனாமி வந்து பத்து நாள் கூட ஆகாத போது, கடலோரத்து நாவலடியிலிருந்தும் கல்லடியிலிருந்தும் ஆட்கள் அந்த மாடிப்படி ஏறி வந்தார்கள். வீடு போய்விட்டது, வீட்டோடு அல்பமும் போய்விட்டது. செத்தவர்களின் முகம் பதிந்த ஒரு துண்டுக் காகிதம்கூட அவர்களிடம் இல்லை. அன்ரோ அலுமாரியைத் திறந்து நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். சில்வெஸ்டர் என்ற மீன்காரருடைய மனைவி, யாரோ ஒருவரின் கலியாணப் படத்தில், பின்வரிசையில், பிள்ளையை இடுப்பில் வைத்தபடி நின்றாள். அதை வெட்டிப் பெரிதாக்கிக் கொடுத்தபோது சில்வெஸ்டர் படத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சோடு பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

மதுஷா விஷயத்தைச் சொன்னதும் அன்ரோ சத்தம் போடவில்லை. கொடுக்கிறதென்றால் கொடு, அழிக்க மட்டும் விடமாட்டேன் என்றான். வாக்குக் கொடுத்துவிட்டேன் என்றாள் அவள்.

“அண்டைக்கு நான் அழிச்சிருந்தா அந்த மனுசனுக்கு என்னத்தக் குடுத்திருப்பன், சொல்லு?”

கலியாணம் முடிந்தது, மதுஷா அல்பத்தையும் செய்து முடித்தாள். படங்களை டிவிடியில் பதிந்தாள். கம்பியூட்டரில் இருந்ததை அழிக்க இரண்டு முறை உட்கார்ந்து இரண்டு முறையும் எழும்பிவிட்டாள். கடைசியில் அதை அப்படியே விட்டுவிட்டு, அல்பத்தையும் டிவிடிகளையும் பையில் வைத்துக்கொண்டு ஏறாவூர் பஸ் ஏறினாள்.

வழியில் இருந்த சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். வன்னியில் சண்டை இறுகிக்கொண்டிருந்த நாட்கள். இங்கே பிடித்தாலும் பிடிப்பார்கள் என்று சனம் வாயைத் திறக்காமல் வரிசையில் நின்றது. மேசையில் பையைக் கொட்டிய சீருடைக்காரன் டிவிடிகளை எடுத்து வெயிலில் திருப்பிப் பார்த்தான். இதற்குள் என்ன என்றான். கலியாணப் படம் என்றாள். போட்டுப் பார்க்க வேண்டும் என்றான். மற்றவர்களை ஏற்றிக்கொண்டு பஸ் போய்விட்டது.

மதுஷா மேசையை விட்டு நகரவில்லை. இருக்கிற போர் நேரத்தில் டிவிடி வைத்திருந்ததற்காகவே ஆளைப் பிடித்து உள்ளே வைக்கலாம். அந்தப் பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. தலைத்துணி இல்லாமல், முடி விரித்து, மருதாணிக் கையோடு சிரித்துக்கொண்டிருந்த அத்தனை பெண்களும் அவளை நம்பித்தான் கமராவைப் பார்த்திருந்தார்கள். தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், இதில் பெண்களின் படங்கள் மட்டுந்தான், தயவுசெய்து ஒரு பெண் பார்க்கட்டும் என்று கெஞ்சினாள். அவன் யோசித்தான். பிறகு பெண்களைச் சோதிக்கிற கூடாரத்திலிருந்து ஒரு பொலிஸ்காரியைக் கூப்பிட்டு டிவிடிகளைக் கொடுத்தான்.

பொலிஸ்காரி பக்கத்து அறைக்குள் போனாள். கொஞ்ச நேரத்தில் ஒரு ஆணும் உள்ளே போனான். கதவு பாதி சாத்தியிருந்தது. மதுஷாவுக்குத் தெரிந்தது மேசைக்கு முன்னால் போட்டிருந்த கதிரையின் முதுகு மட்டுந்தான். உள்ளே யாரோ சிரிக்கிற சத்தம் கேட்டது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியவில்லை. பொலிஸ்காரி வெளியே வந்து டிவிடிகளைத் திருப்பிக் கொடுத்தாள். மணப்பெண் நல்ல வடிவு என்று சிங்களத்தில் சொன்னாள். அவன் பார்த்தானா, பிரதி எடுத்தார்களா என்று கேட்காமலே மதுஷா டிவிடிகளைப் பையில் வைத்தாள்.

அடுத்த பஸ்ஸில் போகும்போது, சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு எண்ணம் வந்தது. யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் ஹஸீனா வாசலுக்கு வந்து அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனதும், அந்த எண்ணம் நிலைக்கவில்லை. உட்காருவதற்கு முன்பே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“ஆம்புள பாத்தானா?” என்று ஹஸீனா கேட்டார்.

“தெரியா ராத்தா. கதவு பாதி மூடியிருந்த.”

ஹஸீனா ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது போலிருந்தது. அல்பத்தையும் டிவிடிகளையும் வாங்கி வைத்துவிட்டு, ஸ்டூடியோவில் இருப்பதை அழித்தாயா என்று கேட்டார். இல்லை என்றாள். அன்ரோ சொன்ன காரணத்தையும் சொன்னாள். அப்படியென்றால் நானே வருகிறேன் என்றார் ஹஸீனா.

அந்த வார வெள்ளிக்கிழமை கழிந்து ஹஸீனா றமீஸாவையும் கூட்டிக்கொண்டு ஸ்டூடியோவுக்கு வந்தார். கம்பியூட்டரில் படங்களைத் திறக்கும்முன் அன்ரோ எழும்பிப் படிக்கட்டுப் பக்கம் போய், திரைச்சீலைக்கு வெளியே நின்றுகொண்டான். அங்கிருந்தபடியே சில்வெஸ்டரின் கதையைச் சொன்னான். ஹஸீனா குறுக்கே பேசாமல் கேட்டார்.

“எங்கட ராத்தா, எனக்கு மூத்தவ, மருதமுனையில மௌத்தாகினா, அதே சுனாமியில,” என்றார் பிறகு. “அவட படம் ஒண்டுமில்ல. படம் எடுக்க அவக்கு விருப்பமில்ல. கடைசிப் புள்ளக்கி உம்மாட முகம் ஞாபகமில்லயாம். நீங்க சொல்றது எனக்கு விளங்காம இல்ல தம்பி. ஆனா இதுக்குள்ள இரிக்கிற மத்தப் பொம்புளையள்ற முகத்துக்கு நீங்களும் சொந்தமில்ல, நானும் சொந்தமில்ல. அவங்க என்ட ஊட்ட நம்பி வந்தவங்க.”



மதுஷா றமீஸாவைத் திரும்பிப் பார்த்தாள். வந்ததிலிருந்து அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கலியாணம் அவளுடையது, ஆனால் இத்தனை பேச்சிலும் ஒருவரும் அவளிடம் கேட்கவில்லை என்பது மதுஷாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உனக்கு என்ன விருப்பம் என்று கேட்டாள்.

“எனக்கு எல்லாப் படமும் வேணும்,” என்றாள் றமீஸா. “என்னிட்ட இரிக்கட்டும். இஞ்ச வேணாம்.”

அழியுங்கள் என்று ஹஸீனா தலையசைத்தார். அப்போது திரைக்கு வெளியிலிருந்து அன்ரோவின் குரல் வந்தது. அழிக்கும்முன் இன்னொரு பிரதி எடுங்கள், இரண்டையும் ஒரே வீட்டில் வைக்காதீர்கள் என்றான். காத்தான்குடியில் சாச்சி வீடு இருக்கிறது என்றாள் றமீஸா. கடற்கரைப் பக்கம் வேண்டாம் என்றான் அவன் உடனே. கடைசியில் கடலுக்கு எட்டாத பொலன்னறுவையில் இருக்கிற மாமி வீடு என்று முடிவானது. மதுஷா இரண்டாவது பிரதியையும் பதிந்து றமீஸாவின் கையில் கொடுத்தாள். பிறகு அவர்கள் பார்த்திருக்க எல்லாவற்றையும் அழித்தாள். முடிந்ததா என்று அன்ரோ கேட்டான். ஓம் என்றாள். அவன் உள்ளே வரவில்லை, தேத்தண்ணி வாங்கக் கீழே இறங்கிப் போனான்.

அழித்தும் மதுஷாவுக்கு நிம்மதி வரவில்லை. சாவடி அறையில் ஒரு பிரதி கிடந்தால்? எந்தக் கடையிலாவது, எவனுடைய போனிலாவது றமீஸாவின் முகம் வந்து நின்றால்? மே மாதம் யுத்தம் முடிந்தது என்று ரவுணில் வெடி கொளுத்தினார்கள். தமிழ்ச் சனம் கதவைச் சாத்திக்கொண்டு, வன்னியில் யார் மிச்சம் என்று தெரியாமல் கிடந்தது. இத்தனை பேர் செத்திருக்கும்போது நான் இரண்டு டிவிடியை நினைத்து நித்திரை கெடுகிறேனே என்று மதுஷாவுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் நித்திரை வரவில்லை.

ஜூன் மாதம் ஒரு நாள் ஹஸீனாவின் பெயர் போனில் வந்தது. அவருடைய தங்கை மகளுக்குக் கலியாணமாம், படம் எடுக்க வர முடியுமா என்று கேட்டார்.  அந்தப் படங்களைப் பற்றி ஏதாவது கேள்விப்பட்டீர்களா என்று மதுஷா தட்டுத்தடுமாறிக் கேட்டாள்.

“இல்ல புள்ள. நானும் ஒவ்வொரு நாளும் அதத்தான் நினைக்கன். இந்த முற படத்த நீ றோட்டால கொண்டு வராத. நாங்க ஸ்டூடியோவுக்கு வந்து எடுக்கம்.”

அவள் சரி என்று போனை வைத்தாள். அன்ரோ கலண்டரில் திகதியை வட்டமிட்டுக்கொண்டே, படங்களை என்ன செய்வதென்று பொம்புளப் புள்ளையிடம் கேட்டாயா என்றான்.

கேட்கவில்லை. மதுஷா திரும்பவும் ஹஸீனாவுக்கு எடுத்து, பக்கத்தில் இருந்தால் போனை மணப்பெண்ணிடம் கொடுக்கச் சொன்னாள்.