கடைசி வளைவில் எடுத்த படம்

எங்கள் ஜெட் படகில் ஏறுகிறவர்கள் யாரும் அருவியைப் பார்க்க வருவதில்லை. தொண்டை கிழியக் கத்த வருகிறார்கள். அருவி சும்மா ஒரு சாக்கு. அவர்களைப் பாறைகளுக்கு நடுவே கொண்டுபோய் அலறவைப்பதுதான் பதினோரு வருஷமாக என் பிழைப்பு. "ஐயோ, மெதுவா!" என்று எத்தனை பேர் கெஞ்சியிருப்பார்கள்! ஒருவர் பேச்சையும் நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. போட்டுக்கொள்ளவும் கூடாது.

இந்தப் படகு அடியில் தண்ணீரை உறிஞ்சிப் பின்னால் பீய்ச்சிக்கொண்டு ஓடுவது. தனியாகச் சுக்கான் கிடையாது. பீய்ச்சலைத் திருப்பினால்தான் படகு திரும்பும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பீய்ச்சல் அடங்கிவிடும். அப்புறம் ஸ்டியரிங்கை எப்படிச் சுழற்றினாலும் படகு நேராகத்தான் போகும். அதனால் பாறை நெருங்க நெருங்க இன்னும் அழுத்த வேண்டும். எங்கள் தொழிலின் அரிச்சுவடி இது. விடுமுறை நாட்களில் படகுத்துறையிலேயே கிடந்து வளர்ந்த என் மகளுக்குக்கூடத் தெரியும்.

மனைவிக்குத் தெரியாது. நான் சொன்னதில்லை. வீட்டில் நான் பேசுவது குறைவு, அவள் பேச்சைக் கேட்பது அதைவிடக் குறைவு. குடை எடுத்துக்கொண்டு போங்கள் என்றால் வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போய் நனைந்து வருவேன். பல் வலிக்கு டாக்டரிடம் போகச் சொன்னால், பல்லே விழுந்த பிறகு போவேன். "இந்தச் சுவத்துக்கிட்ட சொல்லியிருந்தாகூட எழுந்து போயிருக்கும்" என்பாள். மகள் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

"ஊர்ல இருக்கிறவன் எல்லாம் உங்க படகுல ஏறிட்டான். நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?" என்று மனைவி கேட்காத மாதம் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. ஏறச் சொன்னேன். லைஃப் ஜாக்கெட்டின் வாரை நானே இழுத்து மாட்டினேன்.

"மூச்சு முட்டுதுங்க."

தளர்த்தவில்லை.

முதல் மூன்று வளைவுகளிலும் குழந்தை மாதிரி சிரித்தாள். இத்தனை நாள் ஏன் கூட்டி வரவில்லை என்று எனக்கே வெட்கமாக இருந்தது. கடைசி வளைவில் அருவியின் சாரல் முகத்தில் அறைந்தது. இடதுபக்கப் பாறை எதிரே வந்தது.

"என்னங்க! மெதுவாங்க!"

காலை எடுத்துவிட்டேன்.

ஒரு நொடிதான். திரும்ப அழுத்துவதற்குள் மோதிவிட்டோம். ஒன்பது பேருக்குக் காயம். அவள் மட்டும் பிழைக்கவில்லை.

விசாரணையில் கால் வழுக்கிவிட்டது என்றேன். மகளிடமும் அதையேதான் சொன்னேன். அம்மாவின் வாயிலிருந்து வந்த வார்த்தைதான் அம்மாவின் உயிரை எடுத்தது என்று பதினேழு வயதுப் பெண்ணிடம் எந்த வாயால் சொல்வது? அவள் என்னை வெறுத்துவிட்டுப் போகட்டும். அது எனக்குத் தகும்.

கடைசி வளைவில் ஒரு கேமரா உண்டு. அலறும் முகங்களைத் தானாகவே படம் எடுக்கும். திரும்பி வந்ததும் ஆளாளுக்கு வாங்கிக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்துக்கொள்கிற போட்டோக்காரர் நல்ல மனுஷன்தான், புத்திதான் கொஞ்சம் மட்டு. மூன்று வாரம் கழித்து, அம்மாவின் கடைசிப் படமாயிற்றே என்று உறையில் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டார்.

நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். படத்தில் என் மனைவியின் வாய் திறந்திருந்தது. ஒரு கை என் தோளுக்கு நீண்டிருந்தது.

"அம்மா எப்படிச் சிரிக்கிறா பாரு" என்றேன்.

"அம்மா சிரிச்சா கண்ணு மூடிக்கும்பா. இதுல திறந்திருக்கு." படத்தை என் பக்கம் நகர்த்தினாள். "உங்களைப் பாத்து ஏதோ சொல்றாங்க. என்ன சொன்னாங்க?"

மூன்று வாரமாக வந்த பொய் அப்போது வரவில்லை.

"மெதுவாப் போகச் சொன்னா."

"அப்ப கால் வழுக்கலையா?"

"இல்லம்மா. நானேதான் எடுத்தேன்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நாற்காலியை இழுத்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா சொன்னது எதையாவது ஒரு நாளாவது கேட்டிருக்கீங்களாப்பா? இதை மட்டும் ஏன் கேட்டீங்க?"