வளைவில் சேரும் காற்று

"நான் இல்லாட்டியும் இது ஓடும்" என்று அவர் சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

டாக்டர் நாள் குறிக்காத குறையாகப் பேசி அனுப்பிய வாரம் அது. வேறு யாராவதாக இருந்தால் பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியிருப்பார். இவர் வெள்ளைக் குழாயும் ரம்பமும் பசை டப்பாவுமாக ஹாலின் நடுவே கடை விரித்துவிட்டார். எல்லாம் அந்த உப்புத் தண்ணீர் மீன்தொட்டிக்காக. அதில் இருந்ததோ ஒரே ஒரு ஆரஞ்சு மீன், கையை விட்டால் கடிக்க வரும். அதற்கு அவர் வைத்த பெயர் சிடுமூஞ்சி. "வீட்டுல ஒண்ணு இருந்தது போதாதுன்னு இன்னொண்ணையும் காசு குடுத்து வாங்கிட்டு வந்தேன்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதைக் காட்டி இன்னும் சிரிப்பார்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். கரண்ட் போனால் லிஃப்ட் விழக்கூடாது, அப்படியே நிற்கவேண்டும், வந்தால் தானாகக் கிளம்பவேண்டும். வாழ்க்கை முழுக்க இந்த ஒன்றையே நினைத்துக்கொண்டு வேலை பார்த்தவர். அவளோ கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பக்கத்து இருக்கையில், காலடியில் இன்னொரு பிரேக்கை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்துகிறவள். தானாக ஓடும் எதையும் அவள் நம்பியதில்லை.

அதுவரை தொட்டித் தண்ணீரின் மேல் படியும் ஆடையைக் கிண்ணத்தால் மொண்டு எடுப்பதும், வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுவதும் அவர்தான். இனி வாளி தூக்கத் தெம்பில்லை. அதனால் தொட்டிக்கு அடியில் இருந்த அலமாரிக்குள் ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பை வைத்தார். மேலே இருக்கும் தண்ணீர் குழாய் வழியாக அதில் இறங்கும், பஞ்சில் வடியும், மோட்டார் அதை மறுபடி மேலே அனுப்பும். தொட்டியில் ஓட்டை போட்டால் கண்ணாடி விரிசல் விட்டுவிடும். ஆகவே குழாயை வளைத்து, தொட்டியின் விளிம்பில் கொக்கி மாதிரி மாட்டினார்.

"தண்ணி எப்படிங்க மேல ஏறி அந்தப் பக்கம் இறங்கும்?"

"ஏறும் மேடம்." அவளிடம் படிக்க வருகிறவர்கள் கூப்பிடுகிற மாதிரியே அவரும் கூப்பிடுவார். "குழாய்க்குள்ள காத்து இல்லாம இருந்தா ஏறும். கொஞ்சம் கொஞ்சமா குமிழி வந்து வளைவுல சேர்ந்துச்சுன்னா நின்னுடும். ஆனா மோட்டார் நிக்காது, அது பாட்டுக்கு மேல தள்ளிக்கிட்டே இருக்கும். வீடு குளமாயிடும்."

"நல்லா இருக்கு. இது நமக்குத் தேவையா?"

"காத்தை எடுத்துட்டா போச்சு."

வளைவை மட்டும் உள்ளே தெரிகிற குழாயில் செய்திருந்தார். அதன் உச்சியில் சின்னத் துளை. துளையில் ஒரு மெல்லிய டியூப். அது டிரிப்ஸ் ஏற்றுகிற டியூப். சிகிச்சைக்குப் போன இடத்தில் நர்ஸிடம் பல்லை இளித்து, பிரிக்காத பாக்கெட்டாக ஒன்று வாங்கி வந்திருந்தார். உருட்டி மூடுகிற சக்கரமும் அதிலேயே இருந்தது. டியூபின் மறுமுனையை மோட்டாரின் வாயோடு இணைத்துவிட்டார். காற்று சேரச் சேர மோட்டாரே அதை உறிஞ்சி எடுத்துவிடுமாம்.

சுவிட்சை அணைத்தார். தண்ணீர் குழாயின் வாய்வரை இறங்கி, அங்கேயே நின்றது. போட்டார். களக் களக் என்று இரண்டு முறை விக்கிவிட்டு ஓட ஆரம்பித்தது. அப்போதுதான், முகமெல்லாம் வேர்த்து வழிய, அந்த வார்த்தையைச் சொன்னார்.

நீங்க இல்லாம ஓட அதுக்குச் சொல்லிக் குடுத்துட்டீங்க, எனக்கு யாரு சொல்லிக் குடுப்பா என்று கேட்க அவளுக்கு நாக்கு நுனிவரை வந்தது. "தரையைத் துடைங்க, வழுக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு சில வாரங்கள் தொட்டி ஓடியது. அவர்தான் ஓய்ந்துகொண்டே வந்தார். காலையில் அவள் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும்போது சமையலறை சிங்க்கில் அவர் காறித் துப்பும் சத்தம் கேட்கும். நோய் நெஞ்சுக்கு ஏறிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள். டாக்டரிடம் சொல்லி இருமலுக்கு மருந்துகூட வாங்கி வந்தாள். அந்தச் சத்தம் கேட்டால் அவளுக்கு நாள் முழுக்க வண்டியில் கவனம் நிற்காது. பயத்தைப் பயமாகக் காட்ட அவளுக்கு வராது, எரிச்சலாகத்தான் வரும்.

"கதவைச் சாத்திக்கிட்டுத் துப்புங்க. காலங்காத்தால கேக்க முடியல."

"சரி மேடம்" என்றார். மறுநாளிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோதும் தினமும் சாயங்காலம் அதே கேள்விதான். தொட்டி ஓடுதா, தண்ணி சத்தம் போடுதா. அவள் ஆரஞ்சு உரித்து ஒவ்வொரு சுளையாக ஊட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகுட்டி இல்லாத வீடு. தன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டாரா என்று காத்திருந்தாள்.

"அந்தச் சின்ன டியூப் இருக்குல்ல..." என்று அவர் ஆரம்பித்தார்.

"மீனைப் பத்தி இன்னும் ஒரு வார்த்தை பேசினீங்க, நான் எந்திரிச்சுப் போயிடுவேன்."

அவர் லேசாகச் சிரித்தார். சுளையை வாங்கிக்கொண்டார். மறுநாள் அவர் பேசுகிற நிலையில் இல்லை. அதற்கு மறுநாள் அவரே இல்லை.

துக்கம் கேட்க வந்தவர்கள் போய்விட்டார்கள். வீட்டில் அவளும், ஓயாமல் சலசலக்கும் தொட்டியும்தான். சொன்ன சொல் தவறாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கட்டினவளுக்குச் சோறு இறங்கவில்லை, இதற்கு மட்டும் ஒரு குறையும் இல்லை. மீன்கடைக்காரருக்குப் போன் போட்டு, மீனோடு தொட்டியோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

ஞாயிறு காலையில் கதவு இடிபட்ட சத்தத்தில்தான் அவள் விழித்தாள். கீழ்வீட்டுக்காரர். மூக்குக்கு மேல் கோபம் வருகிற மனிதர். "ஏம்மா, எங்க வீட்டுக்குள்ள மழை பெய்யுதும்மா!" என்று கத்திக்கொண்டே வந்தவர், உள்ளே பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். ஹால் முழுக்கத் தண்ணீர். செருப்புகள் மிதந்தன. தொட்டி விளிம்பு வழியாக நாலு பக்கமும் வழிந்துகொண்டிருந்தது. சிடுமூஞ்சி மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி முறைத்துக்கொண்டு நின்றது.

அவள் ஓடிப்போய் மோட்டாரை அணைத்தாள். கீழ்வீட்டுக்காரர் கேட்காமலே துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

குழாயைப் பார்த்தாள். வளைவின் உச்சியில், இத்தனை நாளாகச் சேர்ந்த காற்று கையகலத்துக்கு நின்றது. மோட்டார்தானே இதை உறிஞ்சும்? அலமாரியைத் திறந்து குனிந்தாள். மோட்டாரின் வாயில் டியூப் இல்லை. அது செருகியிருந்த துளையில் உப்பு பூத்துக் கல்லாக இறுகி அடைத்திருந்தது. சுரண்டிப் பார்த்த கீறல்கள் பழசாகத் தெரிந்தன. மேலேயிருந்து டியூபைக் கையால் தடவிக்கொண்டே போனாள். அது தொட்டியின் பின்பக்கம் இறங்கி, திரைச்சீலை மறைவில், ஒரு துணி கிளிப்பில் மாட்டியிருந்தது. பக்கத்திலேயே, அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த நாளிலிருந்து யாரும் நகர்த்தாத ஸ்டூல். தினமும் சாயங்காலம் அவள் முணுமுணுத்துக்கொண்டே மேஜைக்கு அடியில் தள்ளிவைப்பாளே, மறுநாள் மறுபடி இங்கேயே வந்து கிடக்குமே, அதே ஸ்டூல்.

டியூபின் நுனி நசுங்கியிருந்தது. பல் பதிந்த தடம். ஒரு பக்கம் ஆழமாகவும் ஒரு பக்கம் பதியாமலும் இருந்தது. அவருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும்.

ஈரத்தோடு அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். உப்பு அடைத்ததிலிருந்து இது ஒரு நாளும் தானாக ஓடவில்லை. தினமும் காலையில், மூச்சுக்கே திண்டாடிய மனிதர் இங்கே உட்கார்ந்து வாயால் காற்றை உறிஞ்சி எடுத்திருக்கிறார். ஏறி வந்த உப்புத் தண்ணீரைத்தான் சமையலறையில் போய்த் துப்பியிருக்கிறார். தானாக ஓடும் என்று பீற்றிக்கொண்டதை மாற்றிச் சொல்ல வெட்கமோ, சரிசெய்துவிடலாம் என்ற நம்பிக்கையோ. கடைசியில் சொல்லத்தான் வந்தார். அவள்தான் விடவில்லை.

சக்கரத்தைத் தளர்த்தி, நுனியை அவர் பல் பதிந்த இடத்திலேயே தன் பல்லில் கவ்வினாள். உறிஞ்சினாள். முதலில் வெறும் காற்று. கன்னம் வலிக்க இன்னும் இழுத்தாள். வளைவுக்குள் தண்ணீர் மெல்ல ஏறுவது தெரிந்தது. திடீரென்று தொண்டையில் உப்பு அறைந்தது. அவசரமாகச் சக்கரத்தை மூடிவிட்டுச் சமையலறைக்கு ஓடினாள். கதவைச் சாத்தவில்லை. காறிக் காறித் துப்பினாள். அவருடைய அதே சத்தம்.

"என்னம்மா, உடம்பு முடியலையா?" கீழ்வீட்டுக்காரர் துடைப்பத்தோடு வாசலில் வந்து நின்றார். "டாக்டரைக் கூப்பிடட்டுமா?"

என்ன ஆச்சு என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவள் தன் புருஷனை இப்படிக் கேட்டிருந்தால் போதும். சிங்க்கைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவர் போன அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. பாவம் அந்த மனிதர், என்ன செய்வதென்று தெரியாமல் ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தார்.

ஹாலில் குழாய் இரண்டு முறை விக்கியது. பிறகு ஓட ஆரம்பித்தது.

"மீன்கடைக்காரர் வருவாரு" என்றாள், முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டே. "வேணாம்னு சொல்லி அனுப்பிடுங்க."

மோட்டாரைப் போட்டாள். டியூபைப் பழையபடி கிளிப்பில் மாட்டினாள். ஸ்டூலை மேஜைக்கு அடியில் தள்ளப் போனவள், அங்கேயே விட்டுவிட்டாள்.