பிரித்த இடத்தில் ஒரு முடிச்சு

1

இந்தக் கதை ஒரு முகத்திலிருந்து வந்தது. பார்சல் அனுப்பும் கடை வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இருந்த பெண், தனக்குத் திரும்பி வந்த பார்சலை மேசைமேல் வைத்துப் பிரித்தாள். அதைக் கடைக்காரர் சாட்சிக்காக அவளுடைய போனிலேயே படம்பிடித்தார். உள்ளே ஒரு துணிப்பை, பக்கத்துத் தையல் பிரிந்து கிடந்தது. அந்த இடத்தில் விரலை வைத்தாள். உடனே அவள் முகம் பேயறைந்தது போல

(வேண்டாம். எல்லாரும் எழுதுவது.)

உடனே அவள் முகத்திலிருந்த ரத்தமெல்லாம்

(இதுவும் வேண்டாம்.)

அந்த முகத்தை எனக்கு எழுத வரவில்லை. அது வருவதற்கு என்ன நடந்திருக்க வேண்டும் என்று எழுதிப் பார்க்கிறேன். அவளிடமே கேட்டிருக்கலாமே என்பீர்கள். முன்பின் தெரியாதவர்களிடம் எனக்கு நாக்கு எழாது. நான் பார்த்தது இவ்வளவுதான். மீதி கற்பனை.

2

முதலில், பைக்குப் பதிலாகப் பார்சலில் செங்கல் இருந்ததாக எழுதினேன். செங்கல்லைக் கண்டால் யாரும் கத்துவார்கள். அவள் கத்தவில்லை. அழுக்குத் துணி என்று மாற்றினேன். அதற்கு மூக்கைப் பொத்தியிருப்பாள். ஆகவே பார்த்ததையே வைத்துக்கொள்கிறேன்: அவள் தைத்து விற்ற பை, அவளிடமே திரும்பி வந்திருக்கிறது.

அவளைத் தங்கச்சி என்று அழைப்போம். ஏன் என்பது போகப் போகத் தெரியும். வீட்டில் பிள்ளைகளுக்கான பைகள் தைத்து, போனில் ஒரு விற்பனைத் தளத்தில் கடை போட்டிருக்கிறாள். 'பிடிக்கவில்லை' என்று திருப்பினால் அந்தத் தளம் காசு தராது. 'பழுது' என்று படத்தோடு புகார் செய்தால் முழுக் காசும் வாங்கியவருக்குப் போய்விடும். விற்றவளுக்கு ஒரு கரும்புள்ளி விழும். தங்கச்சிக்கு ஏற்கெனவே இரண்டு. மூன்றாவது விழுந்தால் கடையை மூடிவிடுவார்கள். போனில் இரண்டு பொத்தான்கள் காத்திருக்கின்றன: ஏற்கிறேன், எதிர்க்கிறேன். இன்று சாயங்காலத்துக்குள் ஒன்றை அழுத்த வேண்டும்.

3

"நேரா காட்டும்மா, வெளிச்சத்துல காட்டு," என்றார் பார்சல்காரர். "போன வாரம் ஒருத்தர் மிக்ஸி வித்தாரு. திரும்பி வந்தது வெறும் மூடி. ஆனா மூடியில ஒரு கீறல் இல்ல பாரு, அவ்ளோ பத்திரமா கட்டி அனுப்பியிருந்தாங்க!"

தங்கச்சிக்குச் சிரிப்பு வரவில்லை.

"என் மெஷின்லதான் கோளாறுன்னு நெனச்சேண்ணே. முன்னாடி வந்த ரெண்டு பையும் இதே எடத்துலதான் விட்டுருந்துச்சு."

"கேமரா ஓடும்போது இப்படியா உளறுவ? நீயே ஒத்துக்கிற மாதிரி இருக்கு!"

"இருங்கண்ணே."

தானாக விட்ட தையல் இப்படி இருக்காது. நூல் இழுபட்டிருக்கும், துணியோரம் பிசிறியிருக்கும். இது ஒவ்வொரு தையலாகப் பிரிக்கப்பட்டிருந்தது. துணியில் ஓர் இழைகூட அறுபடவில்லை. பிரித்த இடத்தின் இரண்டு முனைகளிலும் நூலை இழுத்து ஒரு முடிச்சு, மேற்கொண்டு பிரியாமலிருக்க.

* பையைக் கெடுக்கிற ஆள், அது இன்னும் கெட்டுவிடக் கூடாதே என்று எதற்கு முடிச்சுப் போட வேண்டும்? இந்த வரியை எழுதியதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. முடிச்சை அன்று பார்த்தேனா, இன்று கட்டினேனா, சொல்லத் தெரியவில்லை.

"எவனோ பிளேடு போட்டிருக்கான்," என்றார் பார்சல்காரர். "வீடியோவ அனுப்பு. கேசு உன் பக்கம்."

"பிளேடு இல்லண்ணே. ஊசி."

"ஊசியால உக்காந்து பிரிச்சானா? ஏமாத்துறவனுக்கு ஏதும்மா அவ்ளோ பொறுமை?"

அவ்வளவு பொறுமை உள்ள ஒரே ஓர் ஆளைத்தான் தங்கச்சிக்குத் தெரியும்.

4

அக்கா துணிக்கடையில் அளவு சரிசெய்யும் பிரிவில் வேலை செய்கிறாள். நாளெல்லாம் பிரிப்பதுதான் வேலை. பிரித்த கையோடு முனையில் முடிச்சுப் போட்டுப் பல்லால் இறுக்குவாள். "விட்டா நூல் ஓடிடும்டி," என்பாள். முதல் இரண்டு பைகள் திரும்பியபோது நூல்முனைகளைப் பார்க்காமலே கத்தரித்துவிட்டு, தங்கச்சி மெஷினைத் திட்டித் திட்டி எண்ணெய் விட்டாள்.

அக்கா ஏன் செய்தாள்? பொறாமை என்று ஒரு பக்கம் எழுதினேன். தங்கை முதலாளியாகிவிட்டாள், தான் இன்னும் ஊரான் கால்சட்டையைப் பிரித்துக்கொண்டு... நன்றாகத்தான் வந்தது. அடித்துவிட்டேன். பொறாமை முடிச்சுப் போடாது.

சரி, இப்படி: கடை தொடங்கிய நாளிலிருந்து அக்கா போனில் கேட்கிறாள்.

"ஏதாச்சும் வித்துச்சாடி?"

"இல்லக்கா."

அந்த 'இல்லக்கா'வை அவளால் தாங்க முடியவில்லை. உடன் வேலை செய்பவளின் பெயரில் ஒரு பை வாங்கினாள். மறுநாள் போனில் தங்கச்சி கூவினாள்: "அக்கா, ஒண்ணு போயிருச்சுக்கா!" அந்தக் குரலுக்காக வேறு வேறு பெயர்களில் இன்னொன்றும், அப்புறம் இன்னொன்றும். 'என் பொண்ணு இந்தப் பையைக் கீழயே வைக்க மாட்டேங்கிறா' என்று பாராட்டும் அவளே எழுதினாள். அக்காவுக்குப் பெண் இல்லை.

ஒவ்வொரு தடவையும் வீட்டு வாடகை குறுக்கே வந்தது. போட்ட காசு திரும்ப வேண்டுமென்றால் பை பழுதாக வேண்டும். கத்தரிக்கோலை எடுத்தாள், மனம் வரவில்லை. ஊசியை எடுத்தாள். கரும்புள்ளி விற்றவள்மேல் விழும் என்பது அவளுக்குத் தெரியாது. 'கம்பெனிக்காரன்தானே குடுக்கிறான், அவனுக்கென்ன' என்று நினைத்திருப்பாள்.

மேசை முன்னால் நின்ற தங்கச்சிக்கு இவ்வளவும் தெரியாது. தெரிந்தது முடிச்சு மட்டும். ஆனால் முடிச்சைத் தொட்ட விரலோடு ஒரு கேள்வியும் வந்திருக்கும்: அப்ப நெஜமா வாங்கினவங்க யாரு? ஒருத்தராவது உண்டா?

அந்த முகம் இதுதான் என்று நினைக்கிறேன்.

5

'எதிர்க்கிறேன்' என்று அழுத்தினால் கடை பிழைக்கும். விசாரணை இந்தப் பைக்குப் பெயர் கொடுத்தவளிடம் போகும், அங்கிருந்து அக்காவிடம் வரும். அப்புறம் அந்தத் துணிக்கடையில் அக்கா யார் முகத்தில் விழிப்பாள்? 'ஏற்கிறேன்' என்றால் கடை போய்விடும். "ஏன்டி மூடிட்ட?" என்று அக்காவே வந்து கேட்பாள். இருவரும் கட்டிக்கொண்டு அழுவதாகவும் ஒரு முடிவு எழுதினேன். படிக்க எனக்கே கூச்சமாக இருந்தது. கிழித்துவிட்டேன்.

நான் பார்த்தது இவ்வளவுதான் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? இன்னும் கொஞ்சம் இருக்கிறது. அக்கா எனக்கு எங்கிருந்து கிடைத்தாள் என்று நினைத்தீர்கள்?

படம்பிடித்துக்கொண்டிருந்தபோதே போன் அடித்தது. படம் நின்றுபோனது. பார்சல்காரர் பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, போனை அவள் கையில் திணித்தார். வரிசையில் நின்ற எல்லார் காதிலும் விழுந்தது, ஒரு பெண்ணின் ஆவலான குரல்:

"ஏதாச்சும் வித்துச்சாடி?"

அவள் ஸ்பீக்கரை அணைத்து, போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். "அக்கா," என்றாள். அதற்குள் பார்சல்காரர் "அடுத்தது யாரு?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். அவள் வாசலுக்குப் போய்விட்டாள். பை மேசைமேலேயே கிடந்தது.

அடுத்த சொல்லை நான் எழுத மாட்டேன். 'வித்துச்சுக்கா' என்றால், யார் வாங்கியிருப்பார்கள் என்று அக்காவே திகைத்துப்போவாள். 'இல்லக்கா' என்றால், நாளைக்கே இன்னொரு பை விற்றுப்போகும்.

வேறு சொல் ஏதாவது உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள். வாசலில், போனைக் காதில் வைத்தபடி, அவள் இன்னும் நின்றுகொண்டிருக்கிறாள்.